பெரிய பெட்டியில் கை வைக்கும் முன்: ஜாவாஸ்கிரிப்ட் பண்டில் படத்தைப் படிக்கும் விதம்

போடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வலைச்செயலி செய்திருக்கிறார். போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் அன்றன்று வந்த விலை, தோட்டத்து ஆட்களின் சம்பளக் கணக்கு, மாதக் கடைசியில் பிடிஎஃப் பட்டியல், எக்செல் கோப்பு என்று எல்லாம் அதில் இருக்கிறது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஓடுகிறது. போடியில் உட்கார்ந்து திறந்தால் உடனே வருகிறது. போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தாம்பாறை பக்கம் போனால் வெள்ளைத் திரையோடு நிற்கிறது. ரியாக்ட் நூலகத்தையும் வீட் (Vite) என்ற பில்ட் கருவியையும் வைத்துக் கட்டியது. பில்ட் போடும்போதெல்லாம், அதாவது எழுதிய நிரலையும் நூலகங்களையும் பிரவுசருக்கு அனுப்பும் பண்டிலாகக் கட்டும்போதெல்லாம், கோப்பு 500 கேபியைத் தாண்டிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. பண்டிலுக்குள் இருப்பதைப் படமாக வரையும் ரோலப் பிளகின் விஷுவலைசரை ஓட்டியதில் வண்ணப் பெட்டிகளாக ஒரு படம் வந்திருக்கிறது, அதையும் அனுப்பியிருந்தார். "இதை எப்படிண்ணா படிக்கிறது? பெரிய பெட்டியாப் பார்த்து எடுத்துட்டாப் போதுமா? படத்துல இருக்கிற எண்ணும் பில்ட் வந்து விழற டிஸ்ட் ஃபோல்டர்ல இருக்கிற அளவும் ஏன் ஒத்து வரல?" இதுதான் கேள்வி.

போதாது தம்பி. எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை மட்டுந்தான் அந்தப் படம் சொல்கிறது. அதை உள்ளே கூட்டி வந்தது யார், எந்த நேரத்தில் அது தேவைப்படுகிறது என்ற இரண்டும் தெரியாமல் பெரிய பெட்டியில் கை வைத்தால், ஒன்று செயலி உடையும், இல்லாவிட்டால் ஒரு கேபிகூடக் குறையாது. இரண்டையும் விரிவாகப் பார்ப்போம். அதற்கு முன் எண் ஏன் ஒத்து வரவில்லை என்பதை முடித்துவிடலாம்.

ஒரே நிரலுக்கு மூன்று எடை உண்டு. எழுதியவர் எழுதி வைத்தபடி இருக்கும் எடை ஒன்று. இடைவெளி, குறிப்புகள், நீளப் பெயர்கள் எல்லாம் கழிந்து மினிஃபை ஆனபின் இருப்பது இரண்டாவது. சர்வர் அதை ஜிஜிப்பிலோ ப்ரோட்லியிலோ சுருக்கி அனுப்பும்போது இருப்பது மூன்றாவது. வீட் போன்ற இன்னொரு பில்ட் கருவியான வெப்பேக்குக்கு உள்ள பண்டில் அனலைசர் இவற்றை ஸ்டேட், பார்ஸ்டு, ஜிஜிப் என்று தனித்தனியாகக் காட்டும். பக்கப் பட்டியில் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் ஓட்டிய விஷுவலைசர், அமைப்பு எதையும் தொடாமல் ஓட்டினால், மினிஃபை ஆவதற்கு முந்தைய அளவை வைத்தே பெட்டி வரையும். டிஸ்ட் ஃபோல்டரில் இருப்பதோ மினிஃபை ஆனது. வித்தியாசம் அங்கேதான். அந்தப் பிளகினில் சோர்ஸ்மேப் (சுருங்கிய நிரல் எந்த மூலக் கோப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பு) என்ற அமைப்பை இயக்கி, வீட் கருவியின் பில்டிலும் சோர்ஸ்மேப்பை இயக்கி, பிளகின்களின் வரிசையில் அதைக் கடைசியாக வைத்தால் உண்மை அளவுக்குப் பக்கத்தில் வரும். நான் நம்புவது சோர்ஸ் மேப் எக்ஸ்ப்ளோரரை. அது பில்ட் கருவி சொல்வதைக் கேட்பதில்லை. வெளியே வந்த கோப்பையும் அதன் மேப்பையும் நேராக எடுத்து, ஒவ்வொரு எழுத்தும் எந்த மூலக் கோப்பிலிருந்து வந்தது என்று கணக்கெடுக்கிறது. வெப்பேக்கோ வீட்டோ வேறெதுவோ, மேப் இருந்தால் அதற்குப் போதும்.

இதில் எந்த எடையைப் பார்ப்பது? மெட்டில் சிக்னல் வழியே இறங்கி வருவது மூன்றாவது எடை. இறங்கியபின் கைபேசி விரித்துப் படித்து இயக்க வேண்டியது இரண்டாவது எடை. முதல் எடையால் பயனருக்கு எந்தச் செலவும் இல்லை. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னொன்று, பெட்டிக்குப் பெட்டி போட்டிருக்கும் ஜிஜிப் எண்களைக் கூட்டினால் முழுக் கோப்பின் ஜிஜிப் எண் வராது. ஜிஜிப் தனக்குப் பின்னால் 32 கேபி வரை திரும்பிப் பார்த்து, முன்பு வந்த சரமே மறுபடி வந்தால் அதை எழுதாமல் சுட்டிக்காட்டிவிட்டு நகரும். அதனால் ஒரு கோப்பின் சுருங்கிய அளவு அதன் பக்கத்தில் எது இருக்கிறது என்பதையும் பொறுத்தது. தனிப்பெட்டியின் ஜிஜிப் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு முடிக்க வைக்காதீர்கள்.

இப்போது படத்துக்கு வருவோம். பெட்டிக்குள் பெட்டி வரையும் இந்த முறைக்கு ட்ரீமேப் என்று பெயர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன் 1990இல் இதை யோசித்தார். அவருடைய ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி ஹார்டு டிஸ்க் ஒன்று நிரம்பிவிட்டது. யாருடைய எந்தக் கோப்பு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டியிருந்தது. இந்தப் பிறப்புக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிஸ்கில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர். ஒரு கோப்பு ஒரே ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும். அந்த அமைப்புக்கு இந்தப் படம் கச்சிதமாகப் பொருந்தியது. நம் பண்டிலில் நடப்பது அப்படியல்ல. ஒரு மாட்யூலை, அதாவது ஒரு நிரல் கோப்பை, வேறு நாலு கோப்புகள் இம்போர்ட் செய்து உள்ளே அழைத்திருக்கலாம். நாலு பேரில் யாருடைய பெட்டிக்குள் அதை வைப்பது? வைக்க முடியாது. ஆகவே கருவிகள் எல்லாம் ஃபோல்டர் வரிசையிலேயே வரைந்துவிடுகின்றன. வெளி நூலகங்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் என்ற பெரிய பெட்டி, அதற்குள் ரியாக்ட் டாம், லோடாஷ், ரீசார்ட்ஸ் என்று பெட்டிகள். உள்ளே இருக்கும் பெட்டியை வெளியே இருக்கும் பெட்டிதான் கொண்டுவந்தது என்று நினைத்துவிடுவோம். அந்த எண்ணம் தவறு. அது டிஸ்கில் எங்கே கிடக்கிறது என்பதற்கு மேல் அந்த வரிசைக்கு அர்த்தம் இல்லை.

உங்கள் படத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சின்னச் சின்ன உதவிச் செயல்களின் நூலகமான லோடாஷின் பெட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் லோடாஷ் டாட் ஜேஎஸ் என்று ஒரு பெரிய பெட்டி. அதைச் சுற்றி அண்டர்ஸ்கோரில் தொடங்கும் பெயர்களோடு நிறையக் குட்டிப் பெட்டிகள். இரண்டும் ஒரே நூலகம், ஒரே பதிப்பு. ஆனால் வந்த வழி வேறு. சம்பளக் கணக்குப் பக்கத்தில் ஆட்களைப் பிரிவுவாரியாகப் பிரிப்பதற்கு நீங்கள் லோடாஷை முழுசாக இம்போர்ட் செய்திருக்கிறீர்கள். அதில் வந்தது நடுப்பெட்டி. விலை வரைபடத்துக்குப் போட்ட ரீசார்ட்ஸ் நூலகத்தின் இரண்டாம் பதிப்பு, தனக்கு வேண்டிய சில செயல்களை மட்டும் லோடாஷின் தனிக் கோப்புகளிலிருந்து எடுக்கிறது. அவைதான் குட்டிப் பெட்டிகள். முழுக் கோப்பும் தனிக் கோப்புகளும் ஒன்றையொன்று பகிர்ந்துகொள்வதில்லை, ஒரே வேலையைச் செய்யும் நிரல் இரண்டு தடவை உள்ளே இருக்கிறது. இரண்டு பதிப்பு இருந்தால் எச்சரிக்கும் கருவிகளுக்கும் இது கண்ணில் படாது, ஏனென்றால் பதிப்பு ஒன்றுதான். படத்தைப் பார்க்கும் மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே என்ன செய்யலாம்? உங்கள் நிரலில் முழு லோடாஷை விட்டுவிட்டு, அந்த ஒரு செயலை மட்டும் அதன் தனிக் கோப்பிலிருந்து எடுங்கள். நடுப்பெட்டி அப்படியே மறையும். மினிஃபை ஆன அளவில் சுமார் 70 கேபி, ஜிஜிப்பில் சுமார் 25 கேபி மிச்சம். குட்டிப் பெட்டிகள் அப்படியே இருக்கும், ரீசார்ட்ஸ் இருக்கும்வரை அவை போகா. லோடாஷையே உங்கள் நூலகப் பட்டியலான பேக்கேஜ் ஜேசனிலிருந்து நீக்கினாலும் போகா. பெட்டியின் மேல் 'லோடாஷ்' என்று எழுதியிருக்கிறதே என்று மொத்தத்தையும் மிச்சக் கணக்கில் எழுதிவிட்டால் ஏமாற்றம்தான்.

"இதை எடுத்தால் உண்மையில் எவ்வளவு குறையும்" என்ற கேள்விக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. செயலி தொடங்கும் நுழைவுக் கோப்பிலிருந்து ஒரு மாட்யூலுக்குப் போகும் எல்லா வழிகளும் ரீசார்ட்ஸ் வழியாகவே போகின்றன என்றால், அந்த மாட்யூல் ரீசார்ட்ஸின் கணக்கில் சேரும். ஒரே ஒரு வழியாவது ரீசார்ட்ஸைத் தொடாமல் போனால், ரீசார்ட்ஸை எடுத்தாலும் அது தங்கிவிடும். கம்பைலர் எழுதுபவர்கள் இதை டாமினேட்டர் என்பார்கள். குரோமின் டெவலப்பர் கருவிகளில் உள்ள மெமரி பகுதியில், நினைவகத்தில் இருப்பதைப் பதிவுசெய்யும் ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்தால் ஷாலோ சைஸ் (தன் சொந்த அளவு), ரிட்டெய்ன்டு சைஸ் (அது போனால் விடுபடும் மொத்த அளவு) என்று இரண்டு நெடுவரிசை வரும். இரண்டாவது இந்தக் கணக்குதான். பண்டில் படங்கள் பெரும்பாலும் முதல் நெடுவரிசையைப் போன்ற எண்ணைத்தான் காட்டுகின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பாதிக் குழப்பம் தீரும். சந்தேகம் வந்தால் எளிய வழி: அந்த இம்போர்ட்டை ஒரு வெற்றுக் கோப்புக்குத் திருப்பிவிட்டு பில்ட் போட்டு, முன்னும் பின்னும் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். செயலி ஓடாது, ஆனால் எண் உண்மையைச் சொல்லும்.

வழியைக் கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு. உங்கள் விஷுவலைசரில் ஒரு பெட்டியின் மேல் சுட்டியை நிறுத்தினால், அதை இம்போர்ட் செய்தவை யார் யார் என்று கீழே வரிசையாக வரும். பலர் அளவை மட்டும் பார்த்துவிட்டுச் சுட்டியை நகர்த்திவிடுகிறார்கள். படத்தின் சாரமே அந்த வரிசையில்தான் இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஈஎஸ்பில்டின் அனலைசர். ஃபிக்மாவை நிறுவியவர்களில் ஒருவரான இவான் வாலஸ் எழுதிய பண்ட்லர், அதாவது பண்டில் கட்டும் கருவி, அது. மெட்டாஃபைல் என்ற கோப்பை எழுதச் சொல்லி, அதை அவர்களுடைய அனலைசர் பக்கத்தில் போட்டால், எந்தக் கோப்பைத் தொட்டாலும் 'இது ஏன் உள்ளே இருக்கிறது' என்று நுழைவுக் கோப்பிலிருந்து படிப்படியாகச் சொல்லும். பேக்கேஜ் (நூலகம்) அளவில் கேட்க, நூலகங்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் எக்ஸ்ப்ளெய்ன் என்ற கட்டளை போதும். அதே வேலைக்கான யார்ன், பிஎன்பிஎம் இரண்டிலும் அதற்கு 'ஒய்' என்று பெயர். ஒரு பேக்கேஜை எது கேட்டது, அதை எது கேட்டது என்று வேர் வரை போகும். ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்பு உள்ளே இருந்தால், ஒன்று மேலேயும் இன்னொன்று வேறொரு பேக்கேஜின் நோட் மாட்யூல்ஸுக்குள்ளேயும் தெரியும். ஃபோல்டர் வரிசையில் வரைவது உதவியாக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

முழு உறவையும் கோடு போட்டு வரைந்து பார்க்கலாமே என்று தோன்றும். மேட்ஜ், டிபென்டென்சி க்ரூசர் போன்றவை அதைத்தான் செய்கின்றன. உங்கள் சொந்த நிரல் இருக்கும் எஸ்ஆர்சி ஃபோல்டருக்கு மட்டும் ஓட்டினால் அருமையான கருவிகள். ஒன்றையொன்று சுற்றி இம்போர்ட் செய்துகொள்ளும் கோப்புகளை மேட்ஜ் பிடித்துக் கொடுத்துவிடும். நோட் மாட்யூல்ஸையும் சேர்த்து ஓட்டினால் கோடுகளின் காடு ஒன்று வரும். அதிலிருந்து யாரும் எதையும் படிக்க முடியாது. விஷுவலைசரின் நெட்வொர்க் வார்ப்புருவுக்கும் இதே கதிதான். ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழியை மட்டும் கேளுங்கள்.

வட்டமாக அடுக்கும் சன்பர்ஸ்ட் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகு. ஆனால் வெளி வளையத்தில் இருக்கும் துண்டும் உள் வளையத்தில் இருக்கும் துண்டும் ஒரே கோணத்தில் இருந்தாலும் பரப்பு வேறாகத் தெரியும், கண் ஏமாறும். கிளீவ்லண்டும் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் நீளத்தை ஒப்பிடும் அளவுக்குத் துல்லியமாகப் பரப்பை ஒப்பிடுவதில்லை என்று காட்டினார்கள். ட்ரீமேப்புக்கும் அந்தக் குறை உண்டு. அதனால் படத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, முடிவெடுக்கும்போது எண்களை இறங்குவரிசையில் அடுக்கிய பட்டியலுக்குப் போய்விடுவது என் வழக்கம்.

இனி இரண்டாவது கேள்வி: எப்போது தேவை? உங்கள் செயலியைத் திறக்கும் தோட்டக்காரருக்கு முதலில் வேண்டியது அன்றைய ஏல விலை. எத்தனை லாட், எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, அதிக விலை என்ன, சராசரி விலை என்ன. சில வரிகளில் அடங்கும் தகவல். இதைக் காட்டுவதற்கு முன்னால் பிடிஎஃப் செய்யும் நூலகம், எக்செல் நூலகம், வரைபட நூலகம் மூன்றும் மெட்டு ஏறி வந்து சேர வேண்டியிருக்கிறது. மாதக் கடைசியில் ஒரு தடவை அழுத்தும் பொத்தானுக்காகத் தினமும் காலையில் எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து, பொத்தானை அழுத்தும்போது மட்டும் அந்த நூலகத்தை அழைக்கும் டைனமிக் இம்போர்ட். வீட் அதைப் பார்த்ததும் தானே தனிக் கோப்பாகப் பிரித்துவிடும். பிரித்தபின் படத்தை மறுபடி எடுத்தால் ஒரு விஷயம் கலவரப்படுத்தும்: மொத்தப் பரப்பு குறைந்தே இருக்காது. பெட்டிகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவே. படம் எல்லாக் கோப்புகளையும் ஒரே தாளில் வரைகிறது. எது முதலில் இறங்கும், எது அழைத்தால்தான் இறங்கும் என்று வேறுபடுத்திக் காட்டுவதில்லை. மேல்மட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கோப்பு. அதில் இன்டெக்ஸ் என்று தொடங்கும் பெட்டியையும், பக்கம் திறந்ததும் அது நேராக இம்போர்ட் செய்பவற்றையும் மட்டும் கணக்கில் எடுங்கள். குரோமின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ஏற்றினால் எவையெவை இறங்கின என்று ஐயமில்லாமல் தெரிந்துவிடும். அங்கேயே வேகத்தை ஸ்லோ 4ஜி என்று வைத்துப் பார்த்தால், மெட்டு ஏறாமலேயே சாந்தாம்பாறையில் இருப்பவர் படும் பாடு கொஞ்சம் புரியும்.

இந்த இடத்தில் ஒரு பொய் வைத்தியத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 500 கேபி எச்சரிக்கையைத் தேடினால் இரண்டு விடை கிடைக்கும். எச்சரிக்கை வரம்பை உயர்த்து என்பது ஒன்று. அது வாயை மூடுவது மட்டுமே. மேனுவல் சங்க்ஸ் போட்டு நூலகங்களைத் தனிக் கோப்பாகப் பிரி என்பது இன்னொன்று. ஒரு ஜீப் சுமையை இரண்டு ஜீப்பில் ஏற்றினால் மலை ஏறும் சுமை குறைவதில்லை. எச்சரிக்கை போய்விடும், முதல் தடவை திறப்பவருக்கு ஒரு பைட்கூட மிச்சமாகாது. அதனால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ரியாக்ட் மாதிரி எப்போதாவது மாறும் நூலகங்களைத் தனியே வைத்தால், நீங்கள் சம்பளப் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்து வெளியிடும்போது, ஏற்கெனவே வந்தவர்களின் பிரவுசர் மாறிய கோப்பை மட்டும் இறக்கும். மேலே போனால் சிக்னல் நிச்சயமில்லாத உங்கள் ஆட்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் முதல் திறப்பின் நோய்க்கு அது மருந்தாகாது.

பிடிஎஃப் பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் படத்தில் தனியாக மிகப் பெரிய பெட்டி அதுதான். பிடிஎஃப்மேக் நூலகத்தின் பக்கத்தில் விஎஃப்எஸ் ஃபான்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறதே, அதில் நிரல் எதுவும் இல்லை, எழுத்துருக்கள். பைட்டுகளை எழுத்துகளாக்கும் பேஸ்64 வடிவில் ஜாவாஸ்கிரிப்ட் சரமாக மாற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள். பேஸ்64 என்றாலே மூன்று பைட் நான்காகும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். போதாததற்கு, நீங்கள் தமிழ் எழுத்துருவையும் மலையாள எழுத்துருவையும் சேர்த்தபின்னும் அது தன்னோடு கொண்டுவரும் ரோபோட்டோவின் நான்கு வடிவங்கள் அங்கேயே கிடக்கின்றன. எழுத்துருவைச் சாதாரணக் கோப்பாக வைத்து, பட்டியல் எடுக்கும்போது ஃபெட்ச் செய்து கொடுங்கள். அதைவிட நல்லது, இந்த நூலகம் வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது. சம்பளப் பட்டியலை ஒரு எச்டிஎம்எல் அட்டவணையாக வரைந்து, அச்சுக்கென்று தனி சிஎஸ்எஸ் எழுதி, பிரவுசரின் பிரின்ட்டை அழைத்தால், அதிலேயே பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோர்ப்பதில் பிரவுசரை மிஞ்ச ஆளில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் தொல்லை அங்கே இல்லை. இதற்காகும் கூடுதல் எடை சில வரி சிஎஸ்எஸ்.

அடுத்தது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகளில் அநேகமாகக் காணக் கிடைக்காத ஒன்று. உங்கள் மொழிபெயர்ப்புக் கோப்புகள் மூன்றும் முதல் கோப்பிலேயே இருக்கின்றன. எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழும் மலையாளமும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்று எழுத த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, 15 பைட். ஈஎஸ்பில்டை நேராக ஓட்டினால், அது இயல்பாக ஆஸ்கி எழுத்துகளில், அதாவது ஆங்கில எழுத்து, எண், குறிகளில் மட்டுமே வெளியிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் பின்சாய்கோடு, யு, நான்கு இலக்கம் என்று ஆறு எழுத்தாக விரியும். அதே 'தமிழ்' 30 பைட் ஆகிவிடும். கேரக்டர் செட்டை யுடிஎஃப்-8 என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் இது நிற்கும். மினிஃபை செய்யும் டெர்சர் கருவியிலும் ஆஸ்கி ஒன்லி என்று ஓர் அமைப்பு உண்டு. யாராவது எங்கிருந்தோ நகலெடுத்து இயக்கி வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள். பில்ட் ஆன கோப்பைத் திறந்து தமிழ் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். ஜிஜிப் இந்த விரிவில் பெரும்பகுதியைச் சுருக்கிவிடும் என்பது உண்மை. ஆனாலும் நெடுங்கண்டத்தில் மலையாளத்தில் படிப்பவருக்குத் தமிழ்க் கோப்பும், கம்பத்தில் தமிழில் படிப்பவருக்கு மலையாளக் கோப்பும் எதற்கு? மொழி தெரிந்தபின் அந்த ஒரு கோப்பை மட்டும் டைனமிக் இம்போர்ட் செய்யுங்கள்.

மொழி என்றதும் தேதி நூலகமான மொமென்ட்டைச் சொல்லாமல் விட முடியாது. வெப்பேக் படங்களில் எல்லாரும் முதலில் கண்ட பூதம் அது. எந்த மொழியின் கோப்பு வேண்டும் என்பதை அது ஓடும்போதுதான் முடிவு செய்யும். கோப்பை உள்ளே அழைக்கும் ரிக்வயருக்குள் ஒரு மாறியைச் சேர்த்து எழுதியிருந்தார்கள். பில்ட் போடும் நேரத்தில் அந்த மாறியின் மதிப்பு வெப்பேக்குக்குத் தெரியாது, ஆகவே எல்லா மொழிக் கோப்பையும் உள்ளே இழுத்துவிடும். மொழிகளோடு சேர்த்து மினிஃபை ஆனபின்னும் 200 கேபிக்கு மேல். மொழிகளைக் கழித்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. படம் வரைந்து பார்க்கும் பழக்கம் பரவியதற்கு இந்த ஒரு நூலகம் பெரிய காரணம் என்பேன். 2020 செப்டம்பரில் மொமென்ட் குழுவே புதுச் செயலிகளுக்கு வேறொன்றைப் பாருங்கள் என்று அறிவித்துவிட்டது. உங்களுக்கு வேண்டியது தேதியும் தொகையுந்தான். தேதியையும் எண்ணையும் மொழிக்கேற்ப எழுதித் தரும், பிரவுசரிலேயே இருக்கும் இன்டல்லே (Intl) போதும். ஐஎன் சேர்த்த தமிழ் மொழிக்குறி (ta-IN) கொடுத்தால் மாதப் பெயர் தமிழில் வரும், தொகையும் லட்சக் கணக்கில் 1,23,456 என்று காற்புள்ளி போட்டு வரும். எடை பூஜ்யம்.

ஐகான் நூலகங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஒரே இன்டெக்ஸ் கோப்பு எல்லா ஐகானையும் மறுஏற்றுமதி செய்யும். அது இம்போர்ட் முறையில் எழுதிய ஈஎஸ் மாட்யூலாக இருந்து, பேக்கேஜ் ஜேசனில் சைடு எஃபெக்ட்ஸ் இல்லை (உள்ளே அழைத்தாலே வேறெதுவும் நடக்காது) என்று அறிவித்திருந்தால், பயன்படாதவற்றைப் பண்ட்லர் உதிர்த்துவிடும். பழைய ரிக்வயர் முறையான காமன்ஜேஎஸ் வடிவில் இருந்தால் உதிர்ப்பது கஷ்டம். படத்தில் நூற்றுக்கணக்கான தூசுப் பெட்டிகள் தெரிந்தால் இதுதான் காரணம். ஐகானை அதன் தனிக் கோப்பிலிருந்து எடுத்தால் சரியாகும்.

ரியாக்ட் செய்வதைத் திரையில் காட்டும் ரியாக்ட் டாம் பெட்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். பதினெட்டாம் பதிப்பு மினிஃபை ஆனபின் சுமார் 130 கேபி, ஜிஜிப்பில் 40 சொச்சம். இந்தச் செயலிக்கு அது அடித்தளம். அதை மாற்றி எழுதச் செலவழிக்கும் காலத்தில் மேலே சொன்ன அத்தனையையும் முடித்துவிடலாம்.

பெட்டி சின்னதாக இருந்தால் செலவும் சின்னது என்றும் நினைத்துவிட வேண்டாம். 200 கேபி புகைப்படம் இறங்கினால் பிரவுசர் அதை விரித்து வரைந்தால் முடிந்தது. 200 கேபி ஜாவாஸ்கிரிப்ட் என்றால் படித்து, கம்பைல் செய்து, இயக்கி, அதற்குப் பிறகுதான் திரை. தோட்டத்தில் கங்காணி கையில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டில் அந்த நேரம், உங்கள் மேசைக் கணினியில் ஆவதைவிடப் பல மடங்கு. அதனால் பெட்டிப் படத்தோடு நிறுத்தாமல், குரோமின் கவரேஜ் பகுதியையும் ஒருமுறை ஓட்டுங்கள். முதல் பக்கம் வந்து நிற்கும்வரை எந்த வரி ஓடியது, எது ஓடவேயில்லை என்று சிவப்பில் காட்டும். குரோமின் பக்கச் சோதனையான லைட்ஹவுஸ் அறிக்கையில் இருக்கும் ட்ரீமேப் பொத்தானும் பயன்படாத பைட்டைப் பெட்டியின் மேலேயே காட்டும். சிவப்பு என்றால் தேவையே இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். பிழை வந்தால் மட்டும் ஓடும் வரியும், பொத்தானை அழுத்தினால் ஓடும் வரியும் அங்கே சிவப்பாகத்தான் இருக்கும். 'இது தள்ளிப்போடத் தக்கதா' என்று கேட்க வேண்டிய இடம் அது.

குறைத்த பிறகு, அது திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ள சைஸ் லிமிட் என்ற கருவியைச் சேர்த்துவிடுங்கள். முதல் கோப்புக்கு ஜிஜிப்பில் ஒரு வரம்பை எழுதி வைத்தால், அதைத் தாண்டும் மாற்றம் வந்த அன்றே சோதனை தோற்கும். ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்து எவர் எப்போது எதைச் சேர்த்தார் என்று தேடுவதைவிட, சேர்க்கிறவரே அந்த நேரத்தில் யோசிப்பது எளிது.

கடைசியாக எக்செல். அதை டைனமிக் இம்போர்ட்டுக்குத் தள்ளுவதே பாதி வேலையை முடித்துவிடும், முதலில் அதைச் செய்யுங்கள். ஆனால் நீங்கள் கொடுப்பது ஒரே தாள், நிறமில்லை, சூத்திரமில்லை. பெயர், நாள், கூலி, மொத்தம். அதற்கு சிஎஸ்வி போதும், நூலகமே வேண்டாம், இருபது வரியில் எழுதிவிடலாம். காற்புள்ளியோ மேற்கோள் குறியோ உள்ள பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், உள்ளே வரும் மேற்கோளை இரட்டிப்பாக்குங்கள். கோப்பின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் எனும் மூன்று பைட்டைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எக்செல் இதை யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாமல், கணக்குப்பிள்ளை திறக்கும்போது ஆட்களின் பெயரெல்லாம் புரியாத குறிகளாக வந்து நிற்கும்.